தேர்வும் மதிப்பீடும்: ஹெப்பகோடி வட்டாரத்தை முன்னிட்டுப் பொதுத்தேர்வின் வரலாறும் மொழிச் சிக்கலும்

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், பெங்களூர் நகர மாவட்டத்து ஆனேக்கல் வட்டத்தில் அமைந்த ஊர் ஹெப்பகோடி. எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் பொம்மசந்திரத் தொழிற்பேட்டைக்கும் நடுவே இருப்பதனால், ஒரு தலைமுறைக்குள் சிற்றூர் என்னும் நிலையிலிருந்து தொழிலாளர் நிறைந்த நகராட்சியாக மாறிய ஊர் இது. இங்கிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கிழக்கே சென்றால் அத்திபெலெ, அதனை அடுத்து மாநில எல்லை, அதற்கப்பால் ஓசூர். கன்னடமும் தமிழும் தெலுங்கும் உருதும் இவ்வட்டாரத்தில் பன்னூறு ஆண்டுகளாக ஒருங்கே வழங்கி வருகின்றன. லூயிஸ் ரைஸ் தொகுத்த 'எபிகிராபியா கர்நாடிகா' வரிசையில் பெங்களூர் மாவட்டத்துத் தொகுதியைப் புரட்டுவோர்க்குச் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் எதிர்ப்படுவது இதற்குப் போதிய சான்று.

இத்தகைய வட்டாரத்தில் ஒரே வினாத்தாளை எல்லாக் குழந்தைகளுக்கும் வைத்து அளப்பதென்பது எளிய செயலன்று. பொதுத்தேர்வின் நன்மை தீமைகளை எடைபோடுவோர் பெரும்பாலும் மாணவர்தம் மன அழுத்தம், மனப்பாடம், ஆசிரியர் பொறுப்பு என்பன பற்றியே பேசுகின்றனர். தேர்வு எம்மொழியில் நிகழ்கிறது, அம்மொழிக்கு வினா எவ்வாறு வந்து சேர்ந்தது என்னும் கேள்வி பின்தள்ளப்படுகிறது. வரலாற்று நோக்கில் காணின், பொதுத்தேர்வு பற்றிய வழக்குகளுள் குறிப்பிடத்தக்க பல, மொழி பற்றிய வழக்குகளாகவே இருந்துள்ளன.

சொல் வழக்கு

'பரீட்சை' என்னும் வடசொல் நெடுங்காலம் தமிழில் வழங்கியது. இலங்கைத் தமிழில் இன்றும் அதுவே அரசு வழக்கு. பரீட்சைத் திணைக்களம் என்பதே அங்குள்ள அலுவலகத்தின் பெயர். தமிழ்நாட்டில் 'தேர்வு' அதன் இடத்தைப் பெற்றுவிட்டது. இரண்டும் ஒரே பொருளன எனக் கருதுவது முழுதும் பொருந்தாது. பரீட்சை என்பது சுற்றிப் பார்த்து ஆராய்தலைக் குறிக்கும். தேர்வு என்பதில் தேர்ந்தெடுத்தல், அதாவது ஒரு சாராரை எடுத்து மறு சாராரை விடுத்தல், உள்ளடங்கியுள்ளது. 'மதிப்பீடு' இவ்விரண்டிலும் மென்மையானது, அளப்பதோடு நின்றுவிடுவது. கன்னடத்தில் 'பரீக்ஷெ', 'மௌல்யாங்கன' என்னும் இரு சொற்களிடையே இதே வேறுபாடு உண்டு. பின்னர்க் காணவிருக்கும் கர்நாடக வழக்கு இவ்வேறுபாட்டின் மேலேயே நடந்தது.

'தரப்படுத்தல்' என்னும் சொல்லோ வேறொரு வரலாறுடையது. மொழியியலார்க்கு அது மொழியின் பொதுவழக்கை உருவாக்கும் முயற்சியைக் குறிக்கும். தேர்வியலார்க்கு, வெவ்வேறு தேர்வுகளில் பெற்ற மதிப்பெண்களை ஒப்புநோக்கத்தக்கவையாக மாற்றும் புள்ளியியல் முறையைக் குறிக்கும். ஈழத் தமிழர்க்கு அது ஓர் அரசியற் காயத்தின் பெயர். 1970இல் பதவியேற்ற அரசு, பல்கலைக்கழகச் சேர்க்கையில் மொழிவழியாக வெவ்வேறு வெட்டுப்புள்ளிகளை வைத்தது. 1971ஆம் ஆண்டுச் சேர்க்கையில் மருத்துவக் கல்விக்கு 400 மதிப்பெண்ணுக்குத் தமிழ்மொழி வழித் தேர்வர் 250 பெறவேண்டியிருக்க, சிங்கள மொழிவழித் தேர்வர்க்கு 229 போதுமானதாயிருந்தது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது. இரு மொழிகளில் எழுதப்பட்ட விடைத்தாள்கள் ஒரே அளவுகோலால் திருத்தப்படுகின்றனவா என்பது தன்னளவில் நேர்மையான ஐயமே. அவ்வையத்திற்கு ஆய்வின் வழி விடை காணாது, எண்ணை மாற்றி விடைகண்டதே அங்கு நேர்ந்த தீங்கு. அச்சொல்லை இந்தியத் தமிழ் ஆய்வுக் கட்டுரைகளில் தயக்கமின்றி ஆள்வோர் யாழ்ப்பாண வாசகர்க்கு அது எவ்வாறு ஒலிக்கும் என்பதையும் நினைத்தல் நன்று.

திண்ணையிலிருந்து மெட்ரிகுலேஷனுக்கு

சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பு, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணவரும் இருந்ததைக் காட்டியது. இத்திண்ணைப் பள்ளிகளில் நாள்தோறும் சோதனை உண்டு, பொதுத்தேர்வு இல்லை. எண்சுவடியை ஒப்பித்தலும், முந்தின நாள் பாடத்தைச் சட்டாம்பிள்ளையிடம் சொல்லிக் காட்டலும் ஊருக்குள்ளேயே முடிந்தன. ஓர் ஊர்ப் பையனை அயலூர்ப் பையனோடு ஒப்பிட வேண்டிய தேவை எவர்க்கும் எழவில்லை. அத்தேவை அரசுப் பணியாலும் அரசுப் பணத்தாலும் வந்தது.

1854இன் உட் அறிக்கை மானிய முறைக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் வழி வகுத்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றதும் மெட்ரிகுலேஷன் தேர்வு மாகாணம் முழுமைக்குமான பொது அளவுகோலாயிற்று. மைசூர் அரசின் எல்லைக்குள் இருந்த ஆனேக்கல் வட்டாரத்திற்கும் இவ்வளவுகோலே பொருந்தியது. 1916 ஜூலையில் மைசூர்ப் பல்கலைக்கழகம் தோன்றும்வரை பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியும் மைசூர் மகாராஜா கல்லூரியும் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. எம். விசுவேசுவரய்யா 1881இல் சென்ட்ரல் கல்லூரியில் பயின்று பெற்ற பி.ஏ. பட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்தினது. எனவே அத்திபெலெ எல்லை அக்காலத்தில் ஆட்சி எல்லையாயிருந்ததேயன்றி உயர்கல்வித் தேர்வின் எல்லையாக இல்லை. மைசூர்ப் பகுதியில் தொடக்கக் கல்வி மட்டும் தன் வழியே சென்றது. மேற்கூறிய ரைஸ் 1868இல் வகுத்த ஹோப்ளிப் பள்ளித் திட்டம் கன்னட வழிக் கல்வியை ஊர்ப்புறத்திற்குக் கொண்டு சென்றது. கல்வெட்டு அறிஞராகவே இன்று நினைக்கப்பெறும் ஒருவர் ஊர்ப்பள்ளி நிருவாகியாகவும் இருந்தார் என்பது பலர்க்கு வியப்பளிக்கக்கூடும்.

மெட்ரிகுலேஷன் ஆங்கிலத்தில் நடந்தது. தமிழ் அதில் ஒரு பாடம் மட்டுமே. ஆயினும் அவ்வொரு பாடம் தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் ஆழ்ந்த தடம் பதித்தது. பல்கலைக்கழகத் தேர்வுக்கெனப் பகுதிகள் குறிக்கப்பட்டமையால் அச்சுநூல்கள் தேவைப்பட்டன. சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை எச். பவர் 1868இல் உரையுடன் அச்சிட்டது மாணவர் தேவையை முன்னிட்டே, உ.வே. சாமிநாதையரின் முழுப் பதிப்பு வெளிவந்தது 1887இல். தேர்வு மனப்பாடத்தை வளர்க்கிறது என்னும் குற்றச்சாட்டு மெய்யே. அத்தேர்வே சுவடிகளை அச்சேற்றத் தூண்டுகோலாயிற்று என்பதும் மெய்.

ஊர்ப்பள்ளிகளில் தேர்வு வேறு வடிவில் நுழைந்தது. இங்கிலாந்தில் ராபர்ட் லோ 1862இல் கொண்டுவந்த முறையைப் பின்பற்றி, சென்னை மாகாணத்திலும் 1860களில் 'விளைவுக்கேற்ற மானியம்' நடைமுறைக்கு வந்தது. ஆய்வாளர் பள்ளிக்கு வந்து ஒவ்வொரு குழந்தையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் சோதிப்பார். தேறிய தலையெண்ணுக்கேற்ப ஆசிரியர்க்குப் பணம் கிடைக்கும். இம்முறையால் அரசுப் பணம் எட்டாதிருந்த திண்ணைப் பள்ளிகளுக்கும் அது எட்டியது. மறுபுறம், சோதிக்கப்படாத எதுவும் கற்பிக்கப்படாமற் போயிற்று. எண்சுவடியின் பின்ன வாய்பாடுகள் ஆய்வாளரின் படிவத்தில் இடம்பெறாதபோது அவற்றைக் கற்பிப்பதால் ஆசிரியர்க்கு யாது பயன்? கர்சன் காலத்து 1904ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கைத் தீர்மானம், தேர்வின் மிகையாதிக்கத்தைக் கண்டித்து இம்மானிய முறையையும் கைவிடச் செய்தது. நூறாண்டு கழித்து, 2002இல் அமெரிக்காவில் இயற்றப்பெற்ற 'எக்குழந்தையும் பின்தங்கலாகாது' என்னும் சட்டம் தேர்வு முடிவுகளைப் பள்ளிகளின் பொறுப்போடும் கூட்டரசின் நிதியுதவியோடும் பிணைத்தபோது, லோவின் பெயர் மீண்டும் விவாதங்களில் அடிபட்டது.

தேர்வு வளர்த்த தமிழ்

சென்னை மாகாணத்தில் 1911இல் எஸ்.எஸ்.எல்.சி. முறை வந்தது. பல்கலைக்கழகத்தின் பிடியிலிருந்து பள்ளிக்கல்வியை ஓரளவு விடுவிப்பதே அதன் நோக்கம். 1938ஐ ஒட்டி உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழிவழிக் கல்வி வலுப்பெற்றபோது, அறிவியலையும் கணக்கையும் தமிழிலேயே கற்பிக்கவும் சோதிக்கவும் வேண்டிய நிலை எழுந்தது.

இவ்விடத்தில் கலைச்சொல் வரலாறு குறுக்கிடுகிறது. சேலத்தில் 1916இல் இராசகோபாலாச்சாரியாரும் வெங்கடசுப்பையரும் தோற்றுவித்த தமிழ்ச் சாஸ்திரப் பரிபாஷைச் சங்கம் இத்துறையில் முன்னோடி. ஓசூர் அன்று அச்சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. சங்கங்களும் அகராதிகளும் சொற்களைப் படைத்தன. அவற்றை நிலைபெறச் செய்தது வினாத்தாளே எனக் கருத இடமுண்டு. பாடநூலில் ஒரு பொருளுக்கு இரண்டு பெயர் இருக்கலாம். ஆசிரியர் மூன்றாவதையும் வகுப்பில் சொல்லலாம். வினாத்தாளில் ஒன்றே இருக்க முடியும். அதனை நாகர்கோவில் மாணவரும் ஓசூர் மாணவரும் ஒரே பொருளில் கொள்ளவேண்டும். பிராணவாயு என்பது உயிர்வளியாகி, உயிர்வளி ஆக்சிஜன் ஆனது அறிஞர் விவாதத்தால் மட்டுமன்று. எச்சொல்லை எழுதினால் மதிப்பெண் கிடைக்கும் என்னும் அன்றாட அறிவு அம்மாற்றங்களை வீடுதோறும் கொண்டு சென்றது. பொதுத்தேர்வின் நன்மைகளைப் பட்டியலிடுவோர் இதனைச் சுட்டுவதில்லை. மொழித் திட்டமிடலின் மிக வலிய கருவி கல்வித்துறையின் ஓர் ஓரத்தில் அமைதியாக இயங்கி வந்துள்ளது.

எல்லையின் இருபுறம்

1956 நவம்பர் 1இல் மாநிலங்கள் மொழிவழி சீரமைக்கப்பட்டன. கர்நாடக உயர்நிலைக் கல்வித் தேர்வு வாரியம் 1966இல் அமைந்தது. கர்நாடக எஸ்.எஸ்.எல்.சி.யில் முதல் மொழிக்கு 125, பிற பாடங்கள் ஐந்திற்கும் நூறு நூறு என மொத்தம் 625 மதிப்பெண். கன்னடம், ஆங்கிலம், உருது, மராத்தி, தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளில் வினாத்தாள்கள் ஆயத்தமாகி வந்தன. தமிழ்நாட்டிலோ நான்கு வாரியங்கள் தனித்தனியே பத்தாம் வகுப்புத் தேர்வை நடத்திவந்த நிலை 2010ஆம் ஆண்டுச் சமச்சீர் கல்விச் சட்டத்தால் முடிவுற்றது.

இரு மாநிலங்களும் சிறுபான்மை மொழியினரைத் தேர்வின் வழியாகவே எதிர்கொண்டன. தமிழ்நாட்டின் 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் ஒன்றாம் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்து, 2015-16இல் பத்தாம் வகுப்பை எட்டியது. ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிகளில் தெலுங்கையும் கன்னடத்தையும் உருதையும் முதல் மொழியாகக் கற்ற மாணவர் தமிழ்த்தாள் எழுதவேண்டிய நிலை வந்தபோது வழக்குகள் எழுந்தன. 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் விலக்களித்தது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவ்விலக்கை மேலும் ஓராண்டு நீட்டித்தது. எல்லையின் இப்புறத்தில், தொடக்க வகுப்புகளில் தாய்மொழி அல்லது கன்னட வழியைக் கட்டாயமாக்கிய 1994ஆம் ஆண்டு ஆணையை உச்ச நீதிமன்றம் 2014 மே 6இல் செல்லாதென அறிவித்தது. அடுத்த ஆண்டே கர்நாடகம் கன்னடக் கற்றல் சட்டத்தை இயற்றி, கன்னடத்தை ஒரு பாடமாகக் கட்டாயமாக்கியது. பயிற்றுமொழியைக் கட்டாயமாக்க இயலாத அரசு, தேர்வுப் பாடத்தைக் கட்டாயமாக்கித் தன் நோக்கத்தை எய்தியது எனலாம். ஓசூரில் கன்னடக் குழந்தை எழுப்பிய முறையீட்டையும் ஹெப்பகோடியில் தமிழ்க் குழந்தைக்கு எழக்கூடிய முறையீட்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் பழக்கம் இரு மாநில அறிஞரிடத்தும் அரிதாகவே உள்ளது.

ஒரே வினா, இரு வினா

பல மொழிகளில் நடக்கும் தேர்வு 'ஒரே தேர்வு' ஆகுமா? ஒரு சிறு சான்று காணலாம். தமிழ்ப் பாடநூல் 'இணைகரம்' என்பதனைக் கன்னடப் பாடநூல் 'சமாந்தர சதுர்புஜ' என்கிறது. வரையறை கேட்கும் வினாவில் கன்னட மாணவர்க்குச் சொல்லே பாதி விடையைத் தந்துவிடுகிறது: நான்கு பக்கம், இணையானவை. தமிழ் மாணவர்க்கு இணை என்னும் குறிப்பு மட்டும் கிடைக்கிறது; நான்கு என்பது அவர் நினைவில் இருக்கவேண்டும். 'புவியீர்ப்பு விசை' என்னுமிடத்தில் நிலை தலைகீழாகிறது. தமிழ்ச்சொல் தன்னைத்தானே விளக்கிக்கொள்ள, 'குருத்வாகர்ஷணெ' என்பதோ வடமொழி அறியாத சிறுவர்க்கு இருண்டிருக்கிறது. மொழிபெயர்ப்பில் எப்பிழையும் இல்லாதபோதே வினாவின் கடுமை இவ்வாறு மாறுகிறது. தேர்வை மொழிபெயர்த்தல் இலக்கியத்தை மொழிபெயர்த்தலினும் கடினமானது என்று கூறின் மிகையாகத் தோன்றலாம். இலக்கிய மொழிபெயர்ப்பாளர் ஓரிடத்தில் இழந்ததை மற்றோரிடத்தில் ஈடுசெய்து கொள்வார். நான்கு மதிப்பெண் வினாவில் அதற்கு இடமில்லை.

பிழையும் சேருமாயின் விளைவு யாது என்பதற்கு 2018 மே 6இல் நடந்த நீட் தேர்வு எடுத்துக்காட்டு. தமிழில் எழுதியோர் 24,000க்கு மேற்பட்டோர். 180 வினாக்களுள் 49இல் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருந்தனவென வழக்குத் தொடுக்கப்பட்டது. சிறுத்தை என்றிருக்கவேண்டிய இடத்தில் ஆங்கிலச் சொல் 'சீத்தா' என ஒலிபெயர்க்கப்பட்டிருந்தது பலரும் அறிந்தது; தமிழில் சீத்தா ஒரு பழமரம். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஜூலை 10இல், வினாவுக்கு நான்கு வீதம் 196 மதிப்பெண் அளிக்க ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் முதலில் அதற்குத் தடை விதித்து, நவம்பரில் அவ்வாணையை நீக்கியது. 720இல் 196ஐ எல்லார்க்கும் அளித்தால் அளவுகோலே குலையும் என்பது ஒரு பக்க நியாயம். பிழையான வினாவால் அளக்கப்பட்டவர்க்கு அளவுகோல் ஏற்கெனவே குலைந்துவிட்டது என்பது மறுபக்க நியாயம். ஐயம் எழும் இடத்தில் ஆங்கில மூலமே இறுதியானது என்னும் தேர்வு விதி இவ்விரண்டினுள் முன்னதன் சார்பிலேயே நிற்கிறது. அவ்விதியின்படி தமிழ்த் தாள் மூலத்தாளுக்குரிய தகுதியைப் பெறுவதில்லை. வாசிப்புத் துணையாக மட்டுமே நிற்கிறது.

2023-24: ஒரு சொல்லின் மேல் வழக்கு

2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும்வரை எக்குழந்தையும் வாரியத் தேர்வில் தேற வேண்டியதில்லை என்றது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஐந்து, எட்டாம் வகுப்புகளில் தேர்வு நடத்த இடமளித்தது. தமிழ்நாடு அரசு அவ்வாண்டு அத்தேர்வுகளை அறிவித்து, எதிர்ப்புக்குப்பின் 2020 பிப்ரவரியில் கைவிட்டது. கர்நாடகம் வேறு வழி கண்டது. வினாத்தாளை மாநிலத் தேர்வு வாரியம் அமைக்கும்; ஆயினும் இது தேர்வன்று, 'மௌல்யாங்கன'; எவரும் அதே வகுப்பில் நிறுத்தப்படார் என்று அரசு கூறியது.

தனியார் பள்ளி நிருவாகங்கள் உயர் நீதிமன்றத்தை நாடின. 2023 மார்ச் 10இல் தனி நீதிபதி சுற்றறிக்கையை நீக்கினார். ஐந்து நாளில் இருவர் அமர்வு அனுமதித்தது. மார்ச் 27இல் தேர்வு தொடங்கியது. மறு ஆண்டில் ஒன்பதும் பதினொன்றும் சேர்க்கப்பட்டன. 2024 மார்ச் 6இல் அறிவிக்கை நீக்கம். மறுநாள் அமர்வின் தடை. 11இல் தேர்வுத் தொடக்கம். 12இல் உச்ச நீதிமன்றத் தலையீட்டால் நிறுத்தம். 22இல் அமர்வின் அனுமதி. 25இல் மீண்டும் தேர்வு. ஏப்ரல் 8இல் முடிவுகளை வெளியிட உச்ச நீதிமன்றத் தடை. ஐந்தாம் வகுப்புக் குழந்தை ஒரு தாள் எழுதியபின் அடுத்த தாளுக்கு இரு வாரம் காத்திருக்க நேர்ந்தது.

அரசின் வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த ஹெப்பகோடி போன்ற ஊரில், அரசுப் பள்ளிக் குழந்தையின் கற்றல் நிலையைப் பள்ளிக்கு வெளியிலிருந்து எவரும் பார்ப்பதில்லை. வசதியுள்ள பெற்றோர் தனிப்பயிற்சியின் வழியே அறிந்துகொள்வதை, ஏனையோர் பத்தாம் வகுப்பு முடிவு வரும்வரை அறியார். எட்டாண்டு அளக்காதிருந்து ஒன்பதாம் ஆண்டில் கைவிடுவதும் கொடுமையே. ஆயின் 'மதிப்பீடு' என்னும் சொல் தன் பொருளுக்கு உண்மையாயிருக்க, அதன் முடிவு குழந்தைக்குக் கற்பிக்கும் ஆசிரியரிடம் விரைவில் வந்து சேர்ந்து, கற்பித்தலை மாற்றவேண்டும். வாரியத்தின் வினாத்தாளும் ஆண்டிறுதி நாளும் வேற்றுப் பள்ளி ஆசிரியரின் திருத்தமும் தேர்வுக்குரிய இலக்கணங்கள். பெயரை மாற்றியதனால் அவை மாறவில்லை. நீதிமன்றத்தில் அரசுக்கு இடர் விளைத்ததும் அதுவே.

அதே 2024இல் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வறைகள் இணையவழிக் கண்காணிப்புக்கு உட்பட்டன. தேர்ச்சி விழுக்காடு முந்தின ஆண்டின் 83.89இலிருந்து 73.40க்கு இறங்கியது, அதுவும் கருணை மதிப்பெண் வரம்பை 10 விழுக்காட்டிலிருந்து 20ஆக உயர்த்தியபின். முந்தைய ஆண்டுகளின் எண்கள் எதனை அளந்தன என்னும் ஐயம் இதனால் எழுவது இயல்பு. பொதுத்தேர்வை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் அவ்வெண்களையே சான்றாகக் காட்டி வந்தனர்.

2024 அக்டோபரில் எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புகளின் அரையாண்டுத் தேர்வை வாரியமே நடத்தியதையும் உச்ச நீதிமன்றம் கடிந்து முடிவுகளை நிறுத்திவைத்தது. தமிழ்நாடு 2025 ஆகஸ்டில் வெளியிட்ட மாநிலக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு நீக்கப்பட்டது. அதே மாதம் 10ஆம் நாள் பொம்மசந்திரம் வரை மெட்ரோ ரயிலின் மஞ்சள் வழித்தடம் திறக்கப்பெற்று, ஹெப்பகோடியும் அதில் ஒரு நிலையமாயிற்று. தொழில் தேடி ஓசூர்ப் பக்கமிருந்து இங்குக் குடிபெயரும் குடும்பத்தின் குழந்தை, எட்டாம் வகுப்பு நடுவில் வந்து சேருமாயின், இணைகரத்தைச் சமாந்தர சதுர்புஜம் என அறிந்துகொள்ள அதற்குச் சில மாதங்களே கிடைக்கின்றன. அச்சில மாதங்களுக்குரிய இருமொழிக் கலைச்சொற் பட்டியலொன்றைத் தொகுப்பது தமிழ், கன்னட மொழிபெயர்ப்பாளர் எவர்க்கும் இயலாத பணியன்று.